நாலு அங்குலக் காற்று

பெரும்பாக்கத்தில் சாயங்காலம் ஐந்தரை மணி என்றால் ஜன்னல் சாத்தும் நேரம். மறுகுடியமர்வுக்காகக் கட்டிய எட்டு மாடிக் கட்டடங்களிலும் சரி, சோழிங்கநல்லூர் – மேடவாக்கம் சாலையை ஒட்டி எழுந்திருக்கும் தனியார் அடுக்ககங்களிலும் சரி, இந்த ஒரு வழக்கத்தில் ஏழை பணக்காரர் பேதம் கிடையாது. பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்துக்குத் தெற்கே இருக்கும் ஊர். வெயில் தணிந்ததும் கொசு கிளம்பிவிடும். அப்போது சாத்திய ஜன்னல் மறுநாள் காலை பால் பாக்கெட் எடுக்கக் கதவைத் திறக்கும்வரை சாத்தியபடியே கிடக்கும். பன்னிரண்டு மணி நேரம். சமைப்பது, சாம்பிராணி போடுவது, துணி உலர்த்துவது, இருமுவது, உறங்குவது எல்லாம் உள்ளே அடைபட்ட அதே காற்றில்தான்.

ஜன்னல் சாத்தியிருக்கும்போதும் காற்று வந்துபோக வீட்டில் ஒரு சின்ன வழி இருந்தே ஆகவேண்டும். இதைக் கட்டட விதியாகவே ஆக்க வேண்டும் என்பது என் கோரிக்கை. ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்பதற்கு ஒரு வீட்டைக் காட்டுகிறேன்.

போன ஐப்பசி மழையில் இந்தப் பக்கத்து எட்டு மாடிக் கட்டடம் ஒன்றில், ஐந்தாவது மாடியில், எனக்குத் தெரிந்த குடும்பத்தைப் பார்க்கப் போயிருந்தேன். கூடம், ஒரு படுக்கையறை, சமையலறை. ஆறு பேர். கூடத்தின் குறுக்கே கொடி கட்டி ஈரத்துணி தொங்கியது. கட்டிலுக்கு அடியில் கொசுவத்திச் சுருள் புகைந்துகொண்டிருந்தது. ஜன்னலுக்கு மேலே, கூரையும் சுவரும் சேரும் மூலையில், கைக்குட்டை அளவுக்குக் கறுப்பாகப் பூஞ்சை. சமையலறைச் சுவரில் எக்ஸாஸ்ட் ஃபேனுக்காக முன்பு யாரோ போட்ட வட்டத் துளை ஒன்று; அதில் பழைய புடவையைச் சுருட்டி அடைத்திருந்தார்கள். ஏன் அக்கா அடைத்துவிட்டீர்கள் என்று கேட்டேன்.

“பொறா வந்து கூடு கட்டுது சார். எலி வேற. மழ அடிச்சா அடுப்பு மேலயே தண்ணி. தொறந்து வச்சா எப்டி?”

அவர் சொன்னதில் ஒரு வார்த்தையைக்கூட மறுக்க முடியாது. அதே கட்டிலில் அவருடைய மாமனார் சுவரில் சாய்ந்து இருமிக்கொண்டிருந்தார். மூன்று வாரமாக இருமலாம். மழை ஒத்துக்கொள்ளவில்லை என்று எல்லோரும் விட்டுவிட்டார்கள். இரண்டு வாரத்துக்கு மேல் இருமினால் சளிப் பரிசோதனை செய்ய வேண்டும் என்று சொல்லிவிட்டு வந்தேன். போனார்கள். காசநோய் இல்லை என்று தெரிந்தது. நிம்மதி. ஆனால், இருந்திருந்தால்? அந்த மூன்று வாரமும் ஐந்து பேர், அவர்களில் இரண்டு குழந்தைகள், புடவை அடைத்த அந்த வீட்டில் அவரோடுதான் உறங்கியிருக்கிறார்கள்.

பெரும்பாக்கத்திலிருந்து மேற்கே ரயில் பாதைவரை போனால் ஒரு ரயில் நிலையத்தின் பெயரே சானடோரியம். அந்தப் பெயருக்குக் காரணமான மருத்துவமனையை 1928இல் தொடங்கியவர் டாக்டர் டேவிட் ஜேக்கப் ஆரோன் சௌரிமுத்து. இங்கிலாந்தில் மெண்டிப் மலைப் பகுதியில் காசநோய்ச் சானடோரியம் நடத்தியவர். 1917இல் கணித மேதை ராமானுஜன் அங்கே அவரிடம் சிகிச்சைக்குச் சேர்ந்திருந்தார். காசநோய்க்கு அன்று மருந்தே கிடையாது. சுத்தமான காற்று, வெயில், ஓய்வு, சாப்பாடு இவைதான் வைத்தியம். தாம்பரத்தில் சௌரிமுத்து கொடுக்க நினைத்ததும் அதைத்தான். இன்று அது அரசு நெஞ்சக நோய் மருத்துவமனை. இந்தத் தென்சென்னைப் புறநகரே, ஒருவகையில், காற்றை நம்பி உருவான இடம்.

அதற்குப் பிறகு மருந்து வந்தது. 1956இல் சென்னையில் காசநோய் வேதிச்சிகிச்சை மையம் தொடங்கப்பட்டது. சேத்துப்பட்டில் இன்று தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனமாக இருப்பது அதுதான். வாலஸ் ஃபாக்ஸ் தலைமையில் அங்கே நடந்த ஆய்வு 1959இல் வெளியானபோது உலகத்தின் காசநோய் மருத்துவமே திசை மாறியது. ஒரு பகுதி நோயாளிகளைச் சானடோரியத்தில் வைத்தார்கள்; இன்னொரு பகுதியினருக்கு அவரவர் வீட்டிலேயே மருந்து கொடுத்தார்கள். நெரிசலான ஏழை வீடுகள்தான். முடிவில் வீட்டு வைத்தியம் சானடோரிய வைத்தியத்துக்கு ஏறக்குறைய ஈடாகவே இருந்தது. வீட்டில் கூட இருந்தவர்களுக்கும் அதனால் கூடுதலாக நோய் பரவவில்லை. ஏனென்றால், பரவவேண்டியதில் பெரும்பகுதி, நோய் இன்னதென்று கண்டுபிடிப்பதற்கு முன்பே பரவிவிடுகிறது. மருந்து தொடங்கியபின் பரவும் வேகம் சட்டென்று குறைந்துவிடுகிறது.

அந்த ஆய்வு சொன்னதை நாம் பாதிதான் வாங்கிக்கொண்டோம். சானடோரியம் வேண்டாம், வீடே போதும் என்பதை எடுத்துக்கொண்டோம். வீடுதான் இனி வார்டு என்றால் அந்த வார்டில் காற்று இருக்கிறதா என்று கேட்கவில்லை. நோயாளி என்று பெயர் சூட்டப்படாத அந்த மூன்று வாரம், ஐந்து வாரம், இரண்டு மாதத்தில் குடும்பத்தைக் காக்க எந்த மாத்திரையும் கிடையாது. நோய் இருப்பதே தெரியாதபோது யார் ஜன்னலைத் திறக்கப்போகிறார்கள்? யாரும் நினைத்துத் திறக்கத் தேவையில்லாமல், எந்நேரமும் தானாகத் திறந்திருக்கும் ஒரு வழிதான் அந்த நாட்களில் உதவும்.

மும்பையில் இது வெறும் ஊகமாக நிற்கவில்லை. கோவண்டி, மான்குர்து பகுதிகளில் நட்வர் பாரேக் வளாகம், லல்லுபாய் வளாகம் என்று மறுகுடியமர்வுக் குடியிருப்புகள் இருக்கின்றன. அடுத்தடுத்த கட்டடங்களுக்கு நடுவே மூன்று மீட்டர்தான் இடைவெளி. கீழ்மாடிகளில் பட்டப்பகலில் விளக்கு எரியும். ‘டாக்டர்ஸ் ஃபார் யூ’ அமைப்பும் மும்பை ஐஐடியும் சேர்ந்து நடத்திய ஆய்வு, இந்த வளாகங்களில் வெயிலும் காற்றும் நுழையாததற்கும் காசநோய்ச் சுமைக்கும் தொடர்பு இருப்பதைக் காட்டியது. கட்டடங்களுக்கு இடையே தாராளமாக இடம் விட்டிருந்த பிஎம்ஜி காலனியில் நோய் குறைவாக இருந்தது. மூன்று இடத்திலும் ஏழைகள்தான். கட்டடம்தான் வேறு.

பெரும்பாக்கம் மும்பை ஆகிவிடவில்லை. இங்கே கட்டடங்களுக்கு நடுவே வெளி இருக்கிறது. கடல் ஐந்தாறு கிலோமீட்டரில். பிற்பகலில் கிழக்கிலிருந்து கடற்காற்று வந்தே தீரும். ஆனால், அறைக்கு ஒரே ஒரு ஜன்னல், எதிர்ப்பக்கம் சாத்திய கதவு என்றால் அந்தக் காற்று ஜன்னல் கம்பியைத் தொட்டுவிட்டுத் திரும்பிவிடும். நுழைந்த காற்று வெளியேற இன்னொரு வழி இருந்தால்தான் நுழையும். இதை எந்தக் கொத்தனாரும் சொல்வார்.

நாற்பது வயதைத் தாண்டிய தமிழர் யாருக்கும் இந்த இன்னொரு வழி புதிதல்ல. ‘வென்டிலேட்டர்’ என்றால் கொரோனா வரும்வரை நம் வீடுகளில் வேறு பொருள். ஜன்னலுக்கு மேலே, கூரைக்கு ஒரு முழம் கீழே, குறுக்குக் கம்பி போட்ட நீள்சதுரத் துளை. சில வீடுகளில் நடு அச்சில் சுழலும் கண்ணாடிச் சட்டம். இழுக்க ஒரு கயிறு. சூடான காற்று மேலே ஏறி அந்த வழியாக வெளியேறும். அது விட்ட இடத்துக்குக் கீழிருந்து புதுக்காற்று வரும். குருவி கூடு கட்டியதும் அங்கேதான். 2020இல் அந்தச் சொல் ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டது. துளை அதற்கு வெகுநாள் முன்பே வீட்டைவிட்டுப் போயிருந்தது. கூரையின் உயரம் பதினொரு அடியிலிருந்து ஒன்பதரைக்கு இறங்கியபோது மேலே இடமில்லை. அறைக்கு அறை ஏசி வந்தபோது இருந்த துளையையும் அடைத்தார்கள்.

குளிர்நாட்டுக்காரர்களுக்கும் இதே சிக்கல் வந்தது, வேறு வழியில். குளிருக்காக வீட்டை இறுக மூடினார்கள். உள்ளே ஈரம் தங்கிப் பூஞ்சை பிடித்தது. அதற்குக் கண்டுபிடித்ததுதான் ‘ட்ரிக்கிள் வென்ட்’. ஜன்னல் சட்டத்தின் மேல்விளிம்பில் மெல்லிய நீளப் பிளவு. வெளிப்பக்கம் மழை புகாத மூடாக்கு, உள்பக்கம் தள்ளி மூடும் சிறு தகடு. ஜன்னலைப் பூட்டினாலும் அது வழியாகக் காற்று சொட்டுச் சொட்டாக வந்துகொண்டே இருக்கும். இங்கிலாந்தின் கட்டட விதிகளில் காற்றோட்டம் பற்றிய ‘எஃப்’ ஆவணம், மாடி வீடுகளில் வசிக்கும் அறை ஒவ்வொன்றுக்கும் 8,000 சதுர மில்லிமீட்டர், ஒரே தளத்து வீடென்றால் 10,000 சதுர மில்லிமீட்டர் இப்படிப்பட்ட வழி இருக்க வேண்டும் என்கிறது. 2022 ஜூன் முதல் பழைய ஜன்னலை எடுத்துவிட்டுப் புதிது வைப்பவர்களும் பொதுவாக இதைப் பொருத்தியாக வேண்டும்.

8,000 சதுர மில்லிமீட்டர் என்றால் பயப்படவேண்டாம். நாலு அங்குலக் குழாயின் வாய் அளவு. ஏசி மாட்ட வரும் மெக்கானிக், செம்புக் குழாய் போவதற்காக நம் சுவரில் இரண்டரை, மூன்று அங்குலத்துக்குத் துளை போடுகிறார்; நாமும் பக்கத்தில் நின்று பார்க்கிறோம். காற்றை அடைத்து வைக்கும் இயந்திரத்துக்காகச் சுவரைத் துளைக்கச் சம்மதிக்கிற நாம், காற்று வருவதற்கு இன்னும் ஓர் அங்குலம் கூடுதலாகத் துளைக்கச் சம்மதிக்கக்கூடாதா?

ஏசியைப் பற்றி இங்கே நிறுத்திச் சொல்லவேண்டும், படித்தவர்களிடமே இந்தத் தவறான எண்ணம் ஊறிக்கிடப்பதால். ஸ்ப்ளிட் ஏசி வெளிக்காற்றை உள்ளே கொண்டுவருவதில்லை. அறைக் காற்றையே இழுத்து, குளிரவைத்து, திருப்பி விடுகிறது. வெளியே தொங்கும் பெட்டிக்கும் உள்ளே இருக்கும் பெட்டிக்கும் நடுவே போவது குளிர்வாயு மட்டும். பத்துக்குப் பத்து அறை, பத்தடி உயரம் என்றால் 28,000 லிட்டர் காற்று. உறங்குகிற ஒருவர் மணிக்குச் சுமார் 12 லிட்டர் கரியமில வாயுவை விடுகிறார். இரண்டு பேர் படுத்தால், அறை முழுக்க மூடியிருந்தால், பத்து லட்சத்தில் எண்ணூறு பங்குக்கு மேல் மணிக்கு மணி ஏறும். வெளிக்காற்றில் இருப்பது 420 சொச்சம். என் படுக்கையறையில் ஒரு சிறிய அளவுக் கருவி வைத்தேன். யுபிவிசி ஜன்னல், ரப்பர் பட்டை போட்டது. கட்டித் தந்தவர் தூசியே வராது என்று சொல்லிக் கொடுத்தது. விடியற்காலை 2,400 காட்டியது. வெளிச்சுவரில், கூரைக்கு ஓரடி கீழே, நாலு அங்குலத் துளை போட்டு, கதவின் அடியில் அரை அங்குலம் இழைத்துவிட்ட பிறகு 1,400ஐத் தாண்டவில்லை. கரியமில வாயு அந்த அளவில் விஷம் இல்லை. தலைப்பாரமும் அரைகுறைத் தூக்கமும்தான் தரும். நான் அதைப் பார்ப்பது வேறு காரணத்துக்காக. அந்த எண் எவ்வளவு ஏறுகிறதோ, அடுத்தவர் மூச்சிலிருந்து வந்ததை நாம் அவ்வளவு திரும்ப இழுக்கிறோம் என்று பொருள். இருமும் ஒருவர் அந்த அறையில் இருந்தால் என்ன ஆகும் என்பதை அந்த எண் முன்கூட்டியே சொல்கிறது.

ஒரு துளை எல்லாவற்றையும் தீர்த்துவிடும் என்று நான் சொல்லவில்லை. ஒரு ஆளுக்கு நொடிக்கு 10 லிட்டர் புதுக்காற்று வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2021இல் சொன்னது. நாலு அங்குலத்தால் அது கிடைக்காது. பகலில் ஜன்னலைத் திறக்கத்தான் வேண்டும். பெருவின் லிமா நகரத்து ஆஸ்பத்திரிகளில் அளந்து 2007இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு: கதவும் ஜன்னலும் திறந்த அறைகளில் காற்று மணிக்குச் சராசரியாக 28 தடவை மாறியது, இயந்திரக் காற்றோட்டம் வைத்த நவீன அறைகளில் 12 தடவைதான். உயர்ந்த கூரையும் பெரிய ஜன்னலும் கொண்ட பழைய கட்டடங்கள் எல்லாவற்றையும் முந்தின. திறந்த ஜன்னலுக்கு ஈடு எதுவும் இல்லை. ஆனால், சாத்திய ஜன்னலோடு கழியும் பன்னிரண்டு மணி நேரத்துக்கு நம்மிடம் இப்போது எந்த ஏற்பாடும் இல்லை.

நம் விதிகளும் அந்தப் பன்னிரண்டு மணி நேரத்தைப் பார்ப்பதில்லை. 2016ஆம் ஆண்டின் தேசியக் கட்டட நெறித் தொகுப்பு, ஈரமும் வெப்பமும் மிகுந்த பகுதிகளில் அறைப் பரப்பில் ஆறில் ஒரு பங்குக்கு ஜன்னல் திறப்பு வேண்டும் என்கிறது. குடியிருப்புகளின் ஆற்றல் சிக்கனத்துக்காக 2018இல் வந்த ‘எக்கோ நிவாஸ் சம்ஹிதா’ நெறித் தொகுப்பும் சென்னை போன்ற ஊர்களுக்கு 16.66 விழுக்காடு என்று அதையேதான் சொல்கிறது. நல்ல விதி. நூறு சதுர அடி அறைக்குச் சுமார் பதினாறே முக்கால் சதுர அடி திறக்கவேண்டும். நாலுக்கு நாலு அடித் தள்ளு ஜன்னல் வைத்தால் ஒரு பாதிதான் திறக்கும்; எட்டு சதுர அடி. அதிலேயே பாதி போயிற்று. அது போகட்டும். எவ்வளவு திறக்க முடியும் என்று கேட்கிற விதி, எவ்வளவு எப்போதும் திறந்திருக்கும் என்று கேட்கவில்லை. அந்த ஒரு வரியைத்தான் சேர்க்கச் சொல்கிறேன்.

எதிர்ப்பேச்சுகளில் நியாயமானவை உண்டு. ஏசி ஓடும்போது துளை வழியாக ஈரக்காற்று வரும், கரண்ட் பில் கொஞ்சம் கூடும். உண்மை. அதற்குத்தான் தள்ளி மூடும் தகடு, பாதி மூடிக்கொள்ளலாம். வெளிக்காற்றே கெட்டுப்போனால்? 2022 ஏப்ரல் கடைசியில் பெருங்குடி குப்பைக் கிடங்கு நாள்கணக்கில் எரிந்ததை இந்தப் பக்கத்துக்காரர்கள் மறக்கமாட்டார்கள். போகியும் இருக்கிறது. அந்த நாட்களில் மூடிவிடத்தான் வேண்டும். ஆனால், வெளியே புகை வரும் சில நாட்களைக் காட்டி, உள்ளே நாமே போடும் புகையை ஆண்டு முழுக்க அடைத்துவைப்பதை நியாயப்படுத்த முடியாது. ஒரு கொசுவத்திச் சுருள் எரிந்து தீரும்போது வெளிவிடும் நுண்துகள் 75 முதல் 137 சிகரெட் எரிவதற்குச் சமம் என்று 2003இலேயே அளந்து சொல்லியிருக்கிறார்கள். அந்தச் சுருளை நாம் கொளுத்துவதே ஜன்னலைச் சாத்திய பிறகுதான்.

சமையலறைக்கு மட்டும் ஓர் எச்சரிக்கை. சிலிண்டர் கேஸ் காற்றைவிடக் கனமானது. கசிந்தால் தரையோடு படியும். மேலே இருக்கும் துளை புகைக்கும் ஆவிக்கும் உதவும், கேஸ் கசிவுக்கு உதவாது. சமையலறையில் தரையை ஒட்டியும் ஒரு துளை வேண்டும். அதேபோல, நடைவழியைப் பார்த்திருக்கும் வாசற்கதவின் மேலே வழி விடுவதாக இருந்தால் தீயணைப்புத் துறையைக் கேட்டே செய்யவேண்டும். ஒரு வீட்டுத் தீயின் புகை அடுத்த வீட்டுக்குள் போய்விடக்கூடாது. தூணையும் உத்திரத்தையும் யாரும் தொடக்கூடாது என்பதைச் சொல்லவே வேண்டியதில்லை.

மற்றபடி, எப்படிப்பட்ட துளை வேண்டும் என்பதை அந்த ஐந்தாவது மாடி அக்காவே சொல்லிவிட்டார். புறா நுழையக்கூடாது, எலி நுழையக்கூடாது, மழை அடிக்கக்கூடாது. நான் கொசுவை மட்டும் சேர்க்கிறேன். வெளிப்பக்கம் கீழ்நோக்கி வளைந்த மூடாக்கு, நடுவே எலி கடிக்க முடியாத எவர்சில்வர் வலை, உள்பக்கம் கழற்றிக் கழுவும் கொசுவலை, கடைசியில் தகடு. வலை வைத்தால் காற்று குறையும், ஆகவே துளை நாலுக்குப் பதில் ஐந்து அங்குலமாக இருக்கட்டும். இதில் நம் ஊர்ப் பட்டறையில் செய்ய முடியாதது ஒன்றும் இல்லை. இதையெல்லாம் யோசிக்காமல் வெறும் ஓட்டையை விட்டுவைத்தால் அதைப் புடவை வைத்து அடைப்பவர் மேல் குற்றம் சொல்ல யாருக்கும் உரிமை இல்லை.

கூவம் கரையிலும் அடையாற்றின் ஓரத்திலும் இருந்தவர்களை, பலரை 2015 வெள்ளத்துக்குப் பிறகு, நகரத்தின் இந்த மூலைக்குக் கொண்டுவந்தோம். வேலை தூரம், பள்ளி தூரம் என்று அவர்கள் இழந்தவை பல. ஓலைக் குடிசையிலும் ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டிலும் காற்று நாலா பக்கமும் இடுக்கு வழியாக வந்துபோய்க்கொண்டிருந்தது. கான்கிரீட் அதை நிறுத்திவிட்டது. வீட்டின் உட்பரப்பு குறைந்தது 25 சதுர மீட்டர் இருக்கவேண்டும் என்று திட்டத்திலேயே எழுதி, அதன்படி கட்டியிருக்கிறோம். பரப்பை அளந்து எழுதியதைப் போலவே காற்றையும் அளந்து எழுதலாம்.

1970இல் குடிசை மாற்று வாரியமாகப் பிறந்து 2021இல் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் என்று பெயர் மாறியிருக்கிறது. வாழ்விடம் என்ற அந்தச் சொல்லை நான் நம்புகிறேன். வாரியம் பெரும்பாக்கத்தில் ஒரே ஒரு கட்டடத்தை எடுத்துக்கொள்ளட்டும். அதில் இரண்டு மாடி. வீட்டுக்கு இரண்டு துளை, ஒன்று வெளிச்சுவரில், ஒன்று எதிர்ப்பக்கம். அடுத்த இரண்டு மாடியை அப்படியே விட்டுவிடட்டும். சேத்துப்பட்டு நிறுவனத்துக்காரர்கள் வந்து ஐப்பசியிலும் சித்திரையிலும் இரவு முழுக்க அளக்கட்டும்: கரியமில வாயு, ஈரம், நுண்துகள். 1956இல் தொடங்கி, இதைவிடக் கடினமான கேள்வியை ஏழைகளின் வீட்டுக்குள்ளேயே போய் அளந்து பதில் கண்ட ஊர் இது. துளையை அடைக்காமல் வைத்திருக்க முடிகிறதா, என்ன தொந்தரவு என்று அந்த வீட்டுப் பெண்களிடம் கேட்டு எழுதிக்கொள்ளட்டும். அந்தத் தாள் கையில் வந்த பிறகு, அடுத்து கட்டப்போகும் குடியிருப்பின் வரைபடத்தில் ஜன்னலுக்கு மேலே எவ்வளவு இடம் விடுவது என்று பொறியாளர்கள் உட்கார்ந்து பேசலாம். வடகிழக்குப் பருவமழைக்கு முன்னால் தொடங்கினால் இந்த வருஷத்து ஈரத்தையே அளந்துவிடலாம்.